பெரில்: கொங்கு மண்ணின் கல்லும் கிரேக்கம் போன பெயரும்

பெரிலியம் தனிம அட்டவணையில் நான்காவதாக நிற்கும் உலோகம். இதன் அணு எடை 9.012. அலுமினியத்தைவிட எடை குறைவு. எஃகைவிட விறைப்பு அதிகம். இந்தப் பெயர் 'பெரில்லோஸ்' என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது என்று வேதியியல் பாடநூல்கள் ஒரே வரியில் சொல்லி முடித்துவிடும். ஆனால் கிரேக்கர்களுக்கே அது வெளியூர்ச் சொல். கடல் நிறத்தில் ஒளிரும் ஒரு மணிக்கல்லை இந்தியாவிலிருந்து வாங்கியவர்கள், கல்லோடு அதன் பெயரையும் வாங்கிக்கொண்டார்கள். அந்தக் கல் பண்டைக் காலத்தில் தோண்டியெடுக்கப்பட்டு மணியாகத் தீட்டப்பட்ட பகுதிகளில் முதன்மையான ஒன்று கொங்கு நாடு.

கல்லும் அது விளையும் பாறையும்

பெரில் என்பது பெரிலியமும் அலுமினியமும் சிலிக்கனும் ஆக்சிஜனும் சேர்ந்த ஒரு கனிமம். ஒரு மூலக்கூற்று அளவில் 3 பெரிலியம், 2 அலுமினியம், 6 சிலிக்கன், 18 ஆக்சிஜன் அணுக்கள் இருக்கும். தூய பெரிலுக்கு நிறமில்லை. சிறிதளவு இரும்பு கலந்தால் வெளிர்நீலமும் கடல்பச்சையும் ஏறும். அதை இன்றைய நகைக்கடைகளில் அக்வாமரைன் என்பார்கள். குரோமியமோ வனேடியமோ கலந்தால் அதே கல் அடர்பச்சையாகி மரகதம் என்று பெயர் பெறும். படிகம் ஆறு பட்டை கொண்ட தூணாக வளரும். கடினத்தன்மையில் மோஸ் அளவுகோலில் 7.5 முதல் 8 வரை.

இந்தக் கல் எல்லாப் பாறையிலும் விளைவதில்லை. பெரிலிய அணு மிகச் சிறியது. பாறைக் குழம்பு ஆறி இறுகும்போது உருவாகும் வழக்கமான கனிமங்களில் அது பொருந்தி உட்காராது. கடைசியாக மிஞ்சும் குழம்பில் தங்கி, அது வெடிப்புகளுக்குள் புகுந்து மெதுவாக இறுகும்போதுதான் பெரில் படிகமாகும். இப்படி உருவாகும் பருமணிப் பாறை நரம்புக்குப் பெக்மடைட் என்று பெயர். வெங்கச்சங்கல், ஃபெல்ஸ்பார், காக்காப்பொன் மூன்றும் அதில் பெரிய பெரிய துண்டுகளாகக் கிடக்கும்.

மேற்கே காரமடை, மேட்டுப்பாளையம் தொடங்கிக் கிழக்கே காங்கேயம், கரூர் வரை கொங்கு நாட்டின் அடித்தளம் மிகப் பழமையான உருமாறிய பாறை. தோட்டத்தில் கிணறு வெட்டுகிறவர்கள் கரும்பாறைக்கு நடுவே வெள்ளை வெளேரென்று ஓடும் வெங்கச்சங்கல் நரம்பை அடிக்கடி பார்த்திருப்பார்கள். நரம்பு ஓடும் இடமெல்லாம் மணிக்கல் இருக்காது. காங்கேயத்தை அடுத்த படியூரில் இருந்தது.

படியூர்

படியூர் இன்று திருப்பூர் மாவட்டத்தில் இருக்கிறது. முன்பு கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்த ஊர். இங்கே கிடைத்த பெரில் தெளிவான கடல்நீல வகை. 1819-20ஆம் ஆண்டுகளில் ஹீத் என்ற ஆங்கிலேயர் இங்கிருந்த பெரில் சுரங்கத்தை எடுத்து நடத்தினார். 2,196 கற்கள் கிடைத்தன என்றும் அவற்றின் மதிப்பு சுமார் 1,200 பவுண்டு என்றும் அக்காலப் பதிவுகள் கூறுகின்றன. பிறகு சுரங்கத்தில் தண்ணீர் ஏறியது, வேலை நின்றுபோனது.

ஹீத் தோண்டியது புதிய இடம் என்று சொல்ல முடியாது. ரோமானியர் காலத்தில் இந்தியாவிலிருந்து மேற்கே போன பெரிலுக்குப் படியூர் ஒரு முக்கிய மூலம் என்பது வரலாற்றாய்வாளர்களின் நெடுநாளைய கருத்து. மைசூர்ப் பீடபூமியில் கபினி ஆற்றங்கரைப் புன்னாடும், பழைய சேலம் மாவட்டத்து வாணியம்பாடியும் அவர்கள் குறிப்பிடும் மற்ற இரண்டு இடங்கள். மூன்றில் படியூருக்கு மட்டும் ஒரு தனிச் சிறப்பு உண்டு: தோண்டிய கல்லை மணியாக்கிய பட்டறை ஊரும் அதன் சுற்றுவட்டாரத்திலேயே கிடைத்திருக்கிறது.

கொடுமணல்

அந்த ஊர் கொடுமணல். ஈரோடு மாவட்டம் பெருந்துறை வட்டத்தில் நொய்யலின் வடகரையில் இருக்கிறது. பதிற்றுப்பத்தில் இரண்டு பாடல்கள் இதைக் கொடுமணம் என்று குறிக்கின்றன. 67ஆம் பாடலைக் கபிலர் செல்வக் கடுங்கோ வாழியாதன்மேல் பாடினார். 74ஆம் பாடலை அரிசில்கிழார் பெருஞ்சேரல் இரும்பொறைமேல் பாடினார். பின்னது கொடுமணத்தில் செய்யப்பட்ட வேலைப்பாடு மிக்க அணிகலன்களைச் சிறப்பித்துச் சொல்கிறது.

பாடல் சொன்னதை மண் உறுதிசெய்தது. தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1985 முதல் நடத்திய அகழாய்வுகளிலும், பேராசிரியர் கா. ராஜன் தலைமையில் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் 2012, 2013 ஆண்டுகளில் செய்த அகழாய்விலும், பின்னர் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறையின் பணியிலும் ஒரு தொழில் நகரமே வெளிப்பட்டது. இரும்பு உருக்கிய உலைகள் ஒரு பக்கம். பெரில், நீலக்கல், பளிங்கு, சூதுபவளம், அகேட் ஆகியவற்றால் மணி செய்த பட்டறைகள் ஒரு பக்கம். முழுமையான மணிகள் மட்டும் கிடைத்திருந்தால் அவை வேறெங்கோ செய்யப்பட்டு வந்தவை என்று சொல்லிவிடலாம். மூலக்கல், உடைத்த சில்லு, பட்டை தீட்டி மெருகிடாத கல், மெருகிட்டுத் துளை போடாத கல் என ஒவ்வொரு படிநிலையும் இங்கேயே கிடைத்தன. வேலை நடந்த இடம் இதுதான் என்பதற்கு இதைவிட வலுவான சான்று வேண்டியதில்லை.

பெரிலை மணியாக்குவது எளிய வேலையல்ல. வெங்கச்சங்கல்லின் கடினத்தன்மை 7. பெரில் அதைவிடக் கடினம். எனவே மணலும் பளிங்குத் தூளும் அதைத் தேய்க்க உதவாது. குருந்தக்கல் தூள் வேண்டும். அதன் கடினத்தன்மை 9. குருந்தமும் கொங்கு நாட்டிலேயே சிவன்மலைப் பகுதியில் கிடைக்கிறது. அங்குள்ள பாறைகளைப் பற்றித் தாமஸ் ஹாலண்ட் 1901இல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறைக்காக விரிவாக எழுதினார். குருந்தப் பொடியை அரக்கில் குழைத்துச் சாணைச் சக்கரம் செய்து அதில் கல்லைப் பிடிப்பது இந்தியக் கம்மியர்களின் வழிவழியான முறை. நீளவாட்டில் துளையிடுவதுதான் மிகக் கடினமான கட்டம். கல்லுக்குள் ஏற்கெனவே கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால், பல நாள் உழைப்பும் அந்தக் கடைசி வேலையில் உடைந்து வீணாகும்.

கொடுமணல் பானை ஓடுகளில் நூற்றுக்கணக்கில் தமிழ்-பிராமி எழுத்துகள் கிடைத்துள்ளன. பெரும்பாலானவை ஆட்பெயர்கள்; அவற்றில் வடஇந்தியச் சாயலுள்ள பிராகிருதப் பெயர்களும் உண்டு. 'நிகம' என்ற வணிகக் குழுச் சொல்லும் ஓர் ஓட்டில் இருக்கிறது. சூதுபவளம் குஜராத்திலிருந்து வந்தது. ஆக, பிராகிருதம் பேசிய வணிகர்களும் தமிழ் பேசிய கைவினைஞர்களும் ஒரே ஊரில் கொடுக்கல் வாங்கல் செய்தார்கள். சொற்கள் மொழி மாறுவதற்கு இப்படிப்பட்ட இடமே ஏற்றது.

ரோமாபுரியில் கொங்குக் கல்

கி.பி. 77ஐ ஒட்டித் தன் 'இயற்கை வரலாறு' நூலை முடித்த ரோமானிய எழுத்தாளர் பிளினி, 37ஆம் பகுதியில் பெரிலைப் பற்றி எழுதுகிறார். பெரில் இந்தியாவில் கிடைக்கிறது, வேறிடங்களில் அரிது என்பது அவர் சொல்லும் முதல் செய்தி. தெளிந்த கடல்நீரின் பச்சையை ஒத்த கல்லே உயர்ந்தது என்கிறார். கைவினைஞர்கள் அதை ஆறு பட்டையாகத் தீட்டுகிறார்கள் என்றும், கல்லின் மங்கிய நிறம் பட்டைகளில் ஒளி பட்டுத் திரும்பும்போதுதான் எடுப்பாகிறது என்றும் விளக்குகிறார். இயல்பிலேயே அது பட்டையோடு இருப்பதாகக் கருதுவோர் உண்டு என்றும் சேர்த்துக்கொள்கிறார். இந்தியர்கள் நீளமான பெரில்களைப் பெரிதும் விரும்புகிறார்கள், பொன்னில் பதிக்காமலே அணியத்தக்க கல் இது ஒன்றே என்று சொல்கிறார்கள், துளையிட்டு யானை மயிரில் கோத்துக்கொள்கிறார்கள் என்பதும் அவர் தரும் செய்தி. பளிங்குக்குச் சாயமேற்றிப் போலி பெரில் செய்வது பற்றியும் அவர் எச்சரிக்கிறார். மரகதமும் பெரிலும் ஒரே இயல்புடையவை என்று பலர் கருதுவதையும் அவர் பதிவு செய்தார். அந்தக் கருத்து சரியென்று மெய்ப்பிக்கப்பட 1,700 ஆண்டுகள் ஆயின.

கி.பி. 2ஆம் நூற்றாண்டில் புவியியல் நூல் எழுதிய தாலமி, தென்னிந்திய உள்நாட்டு ஊர்களைப் பட்டியலிடும்போது சேரர் தலைநகராகக் கரூரையும், பெரில் கிடைக்கும் இடமாகப் புன்னாட்டையும் குறிக்கிறார். அதற்கு முந்திய பெரிப்ளூஸ் என்ற கடல்வழி நூல், மேற்குக் கடற்கரையின் முசிறி, நெல்கிந்தா துறைமுகங்களில் ஏற்றப்பட்ட சரக்குகளில் மிளகு, முத்து, தந்தம் ஆகியவற்றோடு எல்லா வகை ஒளிபுகும் கற்களையும் சேர்க்கிறது.

காங்கேயத்துக் கல் முசிறிக்குப் போக வழி பாலக்காட்டுக் கணவாய். மேற்குத் தொடர்ச்சி மலை அங்கேதான் விலகி இடம் கொடுக்கிறது. கரூர், கொடுமணல், சூலூர், வெள்ளலூர், பேரூர் வழியாகக் கணவாய்க்குச் சென்ற பாதையின் ஓரமெல்லாம் ரோமானிய நாணயங்கள் புதையலாகக் கிடைத்திருக்கின்றன. 1800இல் பொள்ளாச்சியில் ஒரு பானை நிறைய கிடைத்தது. 1842இல் வெள்ளலூரில் கிடைத்த புதையலில் 522 வெள்ளிக் காசுகள் இருந்தன. 1891இலும் 1931இலும் அதே ஊரில் மேலும் கிடைத்தன. கி.மு. 27 முதல் கி.பி. 37 வரை ஆண்ட அகஸ்டஸ், டைபீரியஸ் ஆகியோரின் காசுகளே இவற்றில் மிகுதி. இதே பாதை பிற்காலத்திலும் பயன்பட்டது என்பதற்குச் சுண்டக்காமுத்தூர் அருகேயுள்ள இராசகேசரிப் பெருவழிக் கல்வெட்டு சாட்சி.

நாணயப் புதையல்கள் கோவை வட்டாரத்தில் குவிந்திருப்பதற்குப் பெரில் வணிகமே காரணம் என்று முன்னைய ஆய்வாளர்கள் எழுதினார்கள். மிளகு, துணி, இரும்பு வணிகமும் இதே வழியில் நடந்திருப்பதால் முழுக் காரணத்தையும் பெரிலின்மேல் ஏற்றுவது இயலாது. ஆனால் அந்த வெள்ளிக்கு ஈடாகப் போன சரக்கில் கொங்கு மணிக்கல்லும் இருந்தது என்பதில் ஐயமில்லை.

சொல் போன வழி

சொல் கப்பலுக்கு முன்பே போய்விட்டது. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் எபிரேய வேதம் கிரேக்கத்தில் மொழிபெயர்க்கப்பட்டபோது, யாத்திராகமத்தில் தலைமைக் குருவின் மார்புக் கவசத்தில் பதித்த 12 கற்களில் ஒன்றுக்குப் 'பெரில்லியோன்' என்று பெயர் எழுதினார்கள். ரோமானியக் கப்பல்கள் பருவக்காற்றைப் பிடித்து முசிறிக்கு நேராக வரத் தொடங்கியது அதற்குப் பின்னர்தான்.

கிரேக்கச் சொல்லுக்கு மூலம் பிராகிருதத்தின் 'வேருலிய' என்ற வடிவம். பாலி நூல்களில் இது 'வேளுரிய'. ளகரமும் ரகரமும் இடம் மாறி 'வேருலிய' ஆனது. வகர ஒலி அக்காலக் கிரேக்கத்தில் பெரும்பாலும் வழக்கொழிந்திருந்ததால் பகரத்தின் மெல்லொலி அந்த இடத்தைப் பிடித்தது. '-இயோன்' என்று முடியும் கிரேக்கச் சொற்கள் சிறுமைப் பொருள் தருபவை. எனவே பெரில்லியோனைச் 'சிறிய பெரில்' என்று கொண்டு, அதிலிருந்து பெரில்லோஸ் என்ற முழுச்சொல்லை அவர்களே உருவாக்கிக்கொண்டார்கள். லத்தீனில் அது பெரில்லுஸ் ஆனது. இதே சொல் மற்றொரு கிளையாகப் பாரசீகத்துக்கும் அரபுக்கும் சென்று 'பில்லவுர்' ஆகிப் பளிங்கைக் குறித்தது.

பிராகிருதச் சொல் எங்கிருந்து வந்தது என்பது அடுத்த கேள்வி. சமஸ்கிருதத்தில் இதற்கு இணை 'வைடூர்ய'. பாணினி தம் இலக்கணத்தில் இதை 'விதூர' என்ற இடப்பெயரிலிருந்து பிறந்ததாகக் காட்டுகிறார். கி.மு. 2ஆம் நூற்றாண்டில் உரை எழுதிய பதஞ்சலி இதில் ஒரு தடையை எழுப்புகிறார்: இந்தக் கல் விதூரத்தில் தோன்றுவதில்லை, வாலவாய மலையில் தோன்றுகிறது, விதூரத்தில் பண்படுத்தப்படுகிறது. கல் தோண்டும் இடம் ஒன்று, அதைத் தீட்டும் ஊர் வேறொன்று என்ற தொழில் அமைப்பு அன்றைக்கே வட இந்தியாவில் அறியப்பட்டிருந்தது என்பதற்கு இது நல்ல சான்று. படியூரும் கொடுமணலும் அதே அமைப்பில்தான் இயங்கின. இலக்கண ஆசிரியர்கள் இடப்பெயரை நாட வேண்டியிருந்ததே, இந்தச் சொல்லுக்குப் பொருத்தமான சமஸ்கிருத வினைவேர் அவர்களுக்குக் கிடைக்கவில்லை என்பதையும் காட்டுகிறது.

இன்றைய மொழியியலாளர்களில் பலர் சொல்லின் மூலம் திராவிடமாக இருக்கலாம் என்கிறார்கள். இதில் இரண்டு வழிகள் முன்வைக்கப்படுகின்றன. ஒன்று, தமிழின் 'வெளிறு', 'விளர்' ஆகிய சொற்களோடு உறவு காண்பது. நிறம் மங்குதல், வெளுத்தல் என்ற பொருள் வெளிர்நீலப் பெரிலுக்கு நன்றாகப் பொருந்துகிறது. இன்னொன்று, 'வேலூர்' என்ற ஊர்ப்பெயரிலிருந்து வந்தது என்பது. கர்நாடகத்தின் பேலூரை அகராதிகள் சில சுட்டுகின்றன. வேலூர் என்ற பெயரில் தென்னிந்தியாவில் பல ஊர்கள் உள்ளன. காவிரிக்கரைப் பரமத்தி வேலூர் கொங்கிலேயே இருக்கிறது. அதனால் ஊர்ப்பெயர் விளக்கம் எந்த ஊரையும் உறுதியாகச் சுட்ட இயலாமல் நிற்கிறது. வெளிறு என்ற விளக்கம் கல்லின் குணத்தோடு ஒத்துப்போவதால் அதற்கு வலு கூடுதல். இரண்டில் எது சரியென்றாலும் சொல் தெற்கிலிருந்து புறப்பட்டது என்ற முடிவே கிடைக்கிறது.

தெற்கிலிருந்து அறிவியல் அகராதிக்குப் போன கனிமப் பெயர் இது மட்டுமல்ல. பெரிலைத் தீட்டிய குருந்தம்தான் இன்று உலகெங்கும் 'கொரண்டம்' என்று வழங்குகிறது. 1798இல் சார்லஸ் கிரெவில் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் எழுதிய கட்டுரை அந்தப் பெயரை ஐரோப்பிய அறிஞர்களிடையே பரப்பியது.

வைடூரியம் பூனைக்கண் ஆனது

தமிழ்நாட்டில் இன்று வைடூரியம் என்றால் நவமணிகளில் ஒன்றான பூனைக்கண் கல். கேதுவுக்கு உரியதாகக் கருதப்படுவது. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில் மதுரை மணிக்கடை வீதியின் கற்கள் விவரிக்கப்படும் இடத்திலேயே, உரையாசிரியர்கள் வைடூரியம் என்று கொள்ளும் கல்லுக்குத் தேன் போன்ற தெளிவு சொல்லப்படுகிறது. அது பெரிலின் நிறமல்ல. பெயர் எப்போதோ ஒரு கல்லிலிருந்து மற்றொன்றுக்கு மாறிவிட்டது.

பூனைக்கண் கல்லின் கனிமப் பெயர் கிரைசோபெரில். கிரேக்கத்தில் 'பொன்' என்ற அடையோடு சேர்ந்த பெரில் என்பது அதன் பொருள். அதிலும் பெரிலியம் உண்டு: 1 பெரிலியம், 2 அலுமினியம், 4 ஆக்சிஜன். வேதியியல் தெரியாத காலத்தில் பெயர் மாறியபோதும், பழைய வைடூரியமும் புதிய வைடூரியமும் ஒரே உலோகத்தைத் தாங்கிய கற்களாகவே அமைந்துவிட்டன.

ஐரோப்பாவில் இந்தப் பெயர் வேறொரு பொருளுக்கும் தாவியது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மூக்குக் கண்ணாடி தோன்றியபோது வில்லைகளுக்குப் பெரிலும் பளிங்கும் பயன்பட்டன. அதனால் ஜெர்மன் மொழியில் கண்ணாடிக்குப் 'பிரில்லே' என்று பெயர் வந்தது; இன்றும் அதுதான் வழக்கு.

கல்லிலிருந்து தனிமம்

பாரிஸில் கனிமவியலாளர் ரெனே ஜஸ்ட் அயுய் பெரிலின் படிகக் கோணங்களையும் மரகதத்தின் படிகக் கோணங்களையும் அளந்து பார்த்தார். இரண்டும் ஒன்றாகவே இருந்தன. உட்பொருளும் ஒன்றா என்று சோதிக்குமாறு வேதியியலாளர் லூயி நிக்கோலா வோக்லேனைக் கேட்டார். 1798இல் வோக்லேன் இரண்டையும் பகுத்து, இரண்டிலும் அதுவரை அறியப்படாத ஒரு பொருள் இருப்பதாக அறிவித்தார். அதன் உப்புகள் இனித்ததால் 'குளூசின்' என்ற பெயர் தரப்பட்டது. வேறு தனிமங்களின் உப்புகளும் இனிக்கின்றனவே என்று ஜெர்மன் வேதியியலாளர் கிளாப்ரோத் அதை ஏற்கவில்லை. கல்லின் பெயரையே வைக்க வேண்டும் என்றார்.

1828இல் ஜெர்மனியில் ஃபிரெட்ரிக் வோலரும் பிரான்சில் அந்துவான் புஸ்ஸியும் தனித்தனியே பெரிலியம் குளோரைடைப் பொட்டாசியத்தோடு சூடாக்கி உலோகத்தைப் பிரித்தார்கள். வோலர் அதற்குப் பெரிலியம் என்று பெயரிட்டார். பிரெஞ்சுக்காரர்கள் நூறு ஆண்டுகளுக்கும் மேலாக 'குளூசினியம்' என்றே எழுதி வந்தார்கள். 1949இல் பன்னாட்டு வேதியியல் சங்கம் பெரிலியமே பொதுப்பெயர் என்று முடிவு செய்தது. இனிப்பு என்ற கிரேக்கச் சொல் தோற்று, தெற்கிலிருந்து போன சொல் நின்றது. அந்த இனிப்பு ஏமாற்று என்பதும் பின்னால் தெரிந்தது. பெரிலியம் நச்சுத்தன்மை உடையது. அதன் தூசியைச் சுவாசித்தால் நுரையீரல் கெடும்.

1932இல் ஜேம்ஸ் சாட்விக் நியூட்ரானைக் கண்டறிந்தது பெரிலியத்தின்மேல் ஆல்பா துகள்களை மோதவிட்டுத்தான். அணு உலைகளிலும் விண்கலங்களிலும் இது இன்று பயன்படும் உலோகம். 2021 டிசம்பர் 25 அன்று ஏவப்பட்ட ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியின் முதன்மை ஆடி, பொன்பூச்சிட்ட 18 அறுகோணப் பெரிலியத் தகடுகளால் ஆனது. கடுங்குளிரிலும் வடிவம் பிசகாத உலோகம் என்பதே காரணம். இந்தியாவில் பெரில் 2023 வரை அணுசக்திக் கனிமங்களின் பட்டியலில் வைக்கப்பட்டிருந்தது.

பெரிலியத்தின் பெயர் கிரேக்கம் வழியாக வந்தது, கிரேக்கத்தில் பிறந்ததல்ல. காரமடையிலோ காங்கேயத்திலோ வேதியியல் வகுப்பில் இந்தத் தனிமத்தை நடத்தும் ஆசிரியர், பெரில்லோஸ் என்று எழுதியதோடு நிறுத்திக்கொள்ளாமல் படியூர், கொடுமணல் என்ற இரண்டு ஊர்களையும் கரும்பலகையில் எழுத வேண்டும். முடிந்தால் மாணவர்களை நொய்யல் கரைக்கு அழைத்துச் சென்று அந்த அகழாய்வுக் களத்தைக் காட்ட வேண்டும்.